ஜே/24, ஜே/70: கைக்கு வேலை தரும் படகும் கண்ணுக்கு வேலை தரும் படகும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஸ்டோனிங்டனில், ராட் ஜான்ஸ்டன் தம் வீட்டுக் கார் ஷெட்டில் கட்டிய படகு ஒன்றே ஜே/24 என்னும் பந்தயப் பாய்மரப் படகு வகையின் முன்மாதிரி. 1977-இல் விற்பனைக்கு வந்த அந்த வகையில் இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. அவருடைய மகன் ஆலன் ஜான்ஸ்டன் வரைந்த ஜே/70 2012-இல் வந்தது. நீளத்தில் இரண்டுக்கும் ஒன்றரை அடிக்குள்தான் வேறுபாடு. எடையிலோ ஜே/24 சுமார் 1,400 கிலோ, ஜே/70 சுமார் 800 கிலோ. கையாளுதலில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த எடையிலிருந்தும் பாய்களின் அமைப்பிலிருந்தும் பிறப்பவை.

காற்றை எதிர்த்து ஏறும்போது ஜே/24-இல் திசை மாற்றுவது ஐந்து பேரின் கூட்டு வேலை. அதன் ஜெனோவா என்னும் பெரிய முன்பாய் பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் நீள்வதால், படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாய் முழுவதும் மரத்தையும் பக்கக் கம்பிகளையும் உரசிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். பழைய பக்கத்துக் கயிற்றை ஒருவர் வின்ச் என்னும் கயிறு சுற்றும் உருளையிலிருந்து சரியான நொடியில் விட, மற்றொருவர் புதிய பக்கத்தில் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, மூன்றாமவர் பாயின் கீழ்விளிம்பைத் தடுப்புக் கம்பிக்கு உள்ளே எடுத்துவிடுகிறார். கடைசிச் சில அங்குலங்களை உடனே இறுக்கிவிடக் கூடாது. படகு வேகம் பிடிக்கப் பிடிக்கத்தான் சுற்ற வேண்டும். கயிற்றை முந்தி விட்டால் பாய் படபடக்கும், இழந்த வேகத்தை இவ்வளவு கனமான படகு மெதுவாகத்தான் மீட்கும். ஆனால் அதே கனம் சிற்றலைகளில் துணைக்கு வருகிறது: ஓட்டம் பிடித்துவிட்டால் ஓர் அலை வந்து எளிதில் நிறுத்திவிடாது.

ஜே/70-இன் ஜிப் என்னும் சிறிய முன்பாய் மரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. திருப்பத்தில் கயிற்றைச் சிறிதளவே இழுக்க வேண்டியிருப்பதால் நான்கு பேர் போதும். கைகளுக்கு மிச்சமான உழைப்பு சுக்கான் பிடிப்பவரின் கவனத்துக்குக் கணக்காகிறது. படகின் அடியில் நீருக்குள் நீளும் அடிக்கட்டை ஒடுக்கமானது, வேகம் வந்த பிறகே அது நீரைப் பற்றுகிறது. எனவே திருப்பம் முடிந்தவுடன் காற்றுக்கு இன்னும் நெருங்கிப் போகப் பார்த்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றை நோக்கித் திருப்பினால் படகு பக்கவாட்டில் வழுக்கும். வீச்சுக் காற்று வரும்போது பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் பேக்ஸ்டேயை இழுத்து, பெரும்பாயைத் தளர்த்தி, அனைவரும் விளிம்புக்கு வெளியே சாய்ந்து படகை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். சாய்வைக் கண்டபின் செய்தால் தாமதம். நீரின்மேல் கருமை படர்வதைக் கண்டதுமே கை கயிற்றில் இருக்க வேண்டும்.

காற்று பின்னாலிருந்து வரும் பகுதியில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. ஜே/24 ஸ்பின்னேக்கர் என்னும் வட்டமான முன்பாயை ஒரு கழியில் தாங்கி, ஏறத்தாழ நேராகக் காற்றின் திசையிலேயே இறங்கும். பாயை மறுபக்கம் மாற்ற அணியத்தில் நிற்பவர் கழியைக் கழற்றி முனை மாற்றி மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் பாயைச் சரியவிடாமல் பறக்க வைப்பது பின்னால் கயிறு பிடிப்பவரின் திறமை. காற்று வலுத்தால் படகு இருபுறமும் உருண்டு, சட்டென்று காற்றை நோக்கிச் சுழன்று படுத்துவிடும். அப்போது பக்க அறைகளின் மூடிகள் திறந்திருந்தால் நீர் உள்ளே புகும். ஆகவே பந்தயத்துக்கு முன் அவற்றைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்ப்பது கட்டாயம்.

ஜே/70-இல் கழி இல்லை. முன்னால் நீளும் கார்பன் தண்டிலிருந்து ஜென்னேக்கர் என்னும் முன்பாய் எழுகிறது. இங்கே கேள்வி எந்தக் கோணத்தில் இறங்குவது என்பதே. நடுத்தரக் காற்றில் ஜென்னேக்கரைப் பெரும்பாய்க்கு எதிர்ப்பக்கம் விரித்து நேராக இறங்கலாம். ஏறத்தாழ 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) காற்றில் சற்றே காற்றுப் பக்கம் திரும்பி, நீரின் மேல் சறுக்க வைக்கலாம். அந்த எல்லையில் காற்று நொடிக்கு நொடி மாறுவதால், வீச்சு வரும் கணத்தில் அணியத்தைச் சிறிது காற்றுப் பக்கம் திருப்பி, நால்வரும் பின்னால் நகர்ந்து, படகு நீரின் மேல் எழும்பியதும் மீண்டும் காற்றின் போக்கில் திருப்ப வேண்டும். எழும்பும் அந்தக் கணத்தில் சுக்கான் தண்டு விரல்களில் லேசாகிவிடும். அந்த உணர்வை ஜே/24 எந்தக் காற்றிலும் தராது என்றே சொல்வேன்.

டிம் ஹீலி 2010-இலும் 2013-இலும் ஜே/24-இல் உலகச் சாம்பியனானவர். 2014-இல் நியூபோர்ட்டில் நடந்த ஜே/70-இன் முதல் உலகப் போட்டியையும் வென்றார். ஒன்றில் கற்றது மற்றொன்றில் வீணாகாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

புதிதாகக் குழு அமைப்பவர்களுக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் ஜே/24தான். ஐவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்கவும் கைகொடுக்கவும் அது கட்டாயப்படுத்துகிறது; பழைய படகுகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஆனால் வாங்குமுன் மேல்தளத்தின் பால்சா மர அடுக்கில் ஈரம் ஏறியிருக்கிறதா, அடிக்கட்டை உடலோடு சேரும் இடத்தில் விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கி ஏற்றக் கிரேன் வேண்டும் என்பதும் ஒரு செலவே. ஜே/70-இன் அடிக்கட்டையை மேலே தூக்கிவிடலாம் என்பதால் டிரெய்லரிலிருந்தே சரிவுத் தளம் வழியாக நீரில் இறக்கலாம். ஏற்கெனவே நன்றாகச் சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர், வெவ்வேறு நீர்நிலைகளில் பந்தயத்துக்குப் போகிறவர் என்றால் அதையே வாங்கலாம்.