கிரேஹவுண்ட் வீட்டுக்கு வருகிறது: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விடலாம்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுக்க முடிவாகிவிட்டால் அடுத்த வேலை கடைக்கு ஓடுவதுதான். அங்கே 'பெரிய நாய்களுக்கு' என்று எழுதி வைத்திருப்பவற்றில் பாதி லாப்ரடாரை மனதில் வைத்துச் செய்தவை. கிரேஹவுண்டின் உடம்பு அந்த வார்ப்பே இல்லை. தலை ஒடுக்கம், கழுத்து அதைவிடத் தடிப்பு, நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டிப்போயிருக்கும். தோல் மெல்லிசு, தோலுக்கடியில் கொழுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது.

உடம்பை விடப் பெரிய வித்தியாசம் அது வாழ்ந்த வாழ்க்கை. பந்தய நாய்களை அடைத்து வைக்கும் கொட்டிலிலேயே வளர்ந்த நாய் அது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை, டிவி, வாக்குவம் கிளீனர் எல்லாமே அதற்குப் புதுசு. சுற்றிலும் வேறு நாய்கள் இல்லாமல் ஓர் இரவுகூடக் கழித்திருக்காது. ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: இந்த உடம்பில் நிற்குமா? கொட்டிலிலிருந்து வந்த நாய்க்கு உதவுமா?

முதலில் கழுத்துப் பட்டை. சாதாரணப் பட்டை வேண்டவே வேண்டாம். எவ்வளவு இறுக்கினாலும், நாய் பயந்து பின்வாங்கித் தலையைக் குனிந்தால் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். வாங்க வேண்டியது மார்ட்டிங்கேல். பெரிய வளையம் கழுத்தைச் சுற்றி இருக்கும், அதில் கோத்த சின்ன வளையத்தில் லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு, மாட்டும். நாய் இழுத்தால் சின்ன வளையம் பெரியதைச் சுருக்கும், இழுப்பு நின்றால் தளர்ந்துவிடும். அகலம் 4 முதல் 5 சென்டிமீட்டர், உள்பக்கம் மெத்தென்று துணி வைத்துத் தைத்தது நல்லது. வெறும் நைலான் ஒரு மாதத்தில் கழுத்து முடியைத் தேய்த்து வழுக்கையாக்கிவிடும்.

அளவு வைப்பதில்தான் எல்லோரும் சறுக்குவது. பட்டையைக் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் நிறுத்தி லீஷை முழுதாக இழுங்கள். அப்போது இரண்டு உலோக வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டினால் பட்டை அதற்குமேல் சுருங்காது, அதாவது நீங்கள் மறுபடி சாதாரணப் பட்டைக்கே போய்விட்டீர்கள். அளவு மாற்றும் கொக்கி நாளுக்குக் கொஞ்சம் நழுவும். ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் கதவுக்குள்ளேயே நின்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் வைத்ததைவிடத் தலைவழியாக மாட்டும் வகை நம்பகமானது. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும். தொங்கும் அந்தச் சின்ன வளையம் கூண்டுக் கம்பியிலோ இன்னொரு நாயின் பல்லிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

லீஷ் என்றால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளத்தில், நீளம் மாறாத ஒன்று. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வகைக்கு இங்கே பூஜ்ஜியம் மதிப்பெண். கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது, நின்ற இடத்திலிருந்து சில தாவலில் வேகமெடுத்துவிடும். ஐந்து மீட்டர் கயிற்றின் முனையில் அந்த வேகம் சட்டென்று நின்றால் அடி வாங்குவது கழுத்து எலும்பு. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் கைப்பிடி கையை விட்டு நழுவினால் தடதடவென்று சத்தம் போட்டபடி நாயின் பின்னாலேயே வரும். அதற்குப் பயந்து நாய் ஓடும், ஓட ஓடச் சத்தம் விடாது. வேலி இல்லாத இடத்தில் லீஷைக் கழற்றிவிடும் எண்ணத்தையும் சேர்த்தே ஓரங்கட்டிவிடுங்கள். இது தொலைவில் அசைவதைக் கண்ணால் பார்த்துத் துரத்தப் பழகிய நாய். முயலைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது.

ஹார்னஸ் என்பது கழுத்துக்குப் பதிலாக உடம்பைச் சுற்றி மாட்டும் வார். அதில் இரண்டு பட்டை வைத்தது அழகாக இருக்கும், ஆனால் இந்த உடம்பில் நிற்காது. ஆழமான நெஞ்சைத் தாண்டிவிட்டால் பின்னால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நாய் இரண்டடி பின்வாங்கினால் ஹார்னஸ் உங்கள் கையில், நாய் தெருவில். விலா முடியும் இடத்தில் மூன்றாவதாக ஒரு பட்டை சுற்றும் வகை கிடைக்கிறது, அதுதான் சரி. முதல் சில வாரம் இருமுனை லீஷின் ஒரு முனையை ஹார்னஸிலும் மறுமுனையை மார்ட்டிங்கேலிலும் மாட்டி நடத்துவது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். லாரி ஒன்று ஹாரன் அடிக்கும்வரைதான் அப்படித் தெரியும்.

உண்மையிலேயே அதிக மதிப்பெண் வாங்கும் பொருள் நாய்க் கடையில் இல்லை. அடியில் ரப்பர் ஒட்டிய நீளமான தரைவிரிப்பு. டைல்ஸ் தரையில் முதன்முறை கால் வைக்கும் கிரேஹவுண்டைக் கவனியுங்கள். விரல்களை மடக்கி நகத்தால் பிடிக்கப் பார்க்கும். நகம் ஊன்றினால் பாதத்தின் மெத்தைப் பகுதி தரையில் படியாது, பிடிமானம் போகும். நான்கு காலும் நான்கு திசையில் விரியும். தொடைத் தசை கிழிவதும் உண்டு. ஒருமுறை அப்படி விழுந்த நாய் அந்த அறை வாசலிலேயே சிலையாக நின்றுவிடும். இழுத்தாலும் வராது, பிஸ்கட்டுக்கும் வராது.

வீடு முழுக்க விரிக்க வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், கிண்ணத்திலிருந்து வெளிக்கதவு என்று பாதை போட்டால் போதும். இரண்டு விரிப்புக்கு நடுவே இடைவெளி நாயின் உடம்பில் பாதி நீளத்தைத் தாண்டக் கூடாது. ஓரங்களை இருபக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு விரிப்பு நழுவினால் மற்ற எல்லா விரிப்புகள் மீதும் நம்பிக்கை போய்விடும். அவசரத்துக்கு யோகா பாயும் சரிதான், கடிக்கிற நாயாக இல்லாதவரை. சாக்ஸ் வாங்காதீர்கள். அரை மணியில் திரும்பிக்கொண்டு, ரப்பர் புள்ளியெல்லாம் பாதத்தின் மேல்பக்கம் வந்து நிற்கும். நகத்தில் மாட்டும் ரப்பர் வளையங்கள் அளவு சரியாக அமைந்தால் வேலை செய்யும். அமையாவிட்டால் ஒவ்வொன்றாகச் சோபாவுக்கடியில் கிடைக்கும்.

கண்ணாடிக் கதவுக்கு இரண்டு துண்டு டேப், நாயின் கண் உயரத்தில், குறுக்கே. இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

மாடிப்படி உள்ள வீட்டுக்கு வழிமறிக்கும் கேட் அவசியம். சுவரில் அழுத்தி நிற்கும் வகையை 30 கிலோ நாய் சாய்ந்தே நகர்த்திவிடும், அதனால் ஸ்குரூ வைத்து முடுக்கும் வகை வாங்குங்கள். நாய் அறைக்கு அறை வரக் கூடாதென்றாலும் கதவைச் சாத்துவதைவிட இந்தக் கேட்டே மேல், ஆட்கள் கண்ணில் பட்டால் பதற்றம் பாதியாகும். படி ஏறக் கற்றுத்தர இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் லீஷைத் தளர்வாகப் பிடித்தபடி, இன்னொருவர் பின்னால் தொடையால் நாயைத் தாங்கியபடி. முன்னங்காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அடுத்த படியில் வையுங்கள், பிறகு பின்னங்கால். ஏறக் கற்றதும் கேட்டைக் கழற்றிவிடுவதுதான் பெரிய தவறு. ஏறுவது சுலபம், இறங்கத் தெரியாது. உச்சியில் நின்று யோசித்துவிட்டு மொத்தப் படியையும் ஒரே தாவலில் முடிக்கப் பார்க்கும், கால் முறியும். இறங்கும் பயிற்சியைக் கீழிருந்து இரண்டாவது படியில் தொடங்குங்கள்.

மெத்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். எலும்பு முட்டும் உடம்பு, கடினத் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். நாய் காலை நீட்டிப் படுப்பதால் குறைந்தது 110 சென்டிமீட்டர் நீளம், 75 அகலம். சுற்றிலும் கரை கட்டிய வட்ட மெத்தையில் கால் பாதி வெளியேதான் கிடக்கும். ஃபோம் 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். கடையிலேயே கையை முஷ்டியாக மடக்கி நடுவில் அழுத்திப் பாருங்கள், தரை தட்டுப்பட்டால் திருப்பி வைத்துவிடலாம். வெளியுறைக்கு உள்ளே தண்ணீர் புகாத உறை ஒன்று தனியாக இருக்க வேண்டும், காரணம் முதல் வாரமே தெரியும். மெத்தையை ஆட்கள் இருக்கும் அறையில், ஆனால் நடமாட்டம் குறுக்கிடாத மூலையில் போடுங்கள். கிரேஹவுண்ட் கண்ணைத் திறந்தபடியும் தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டால் திடுக்கிட்டு உறுமலாம், கடிக்கவும் செய்யலாம். கொட்டிலில் தூங்கும்போது யாரும் தொட்டதில்லையே. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தலையைத் தூக்கட்டும், அப்புறம் கையை நீட்டுங்கள். குழந்தைகளுக்கு இந்த மெத்தை எல்லைக்கு அப்பால்.

கூண்டு வாங்கலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. அமெரிக்கப் பந்தயக் கொட்டில்களில் நாய்கள் தனித்தனிக் கூண்டில் இருந்தவை, கூண்டு அவற்றுக்குப் பழகிய அறை. அயர்லாந்து, பிரிட்டன் கொட்டில்களில் பெரும்பாலும் அறை மாதிரியான தடுப்பில் ஜோடியாக இருந்திருக்கும், அங்கிருந்து வந்ததைக் கம்பிக்குள் அடைத்தால் மிரளும். தத்துக் கொடுப்பவரிடம் இதை முதலிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். பெண் நாய்க்கு 107, ஆணுக்கு 122 சென்டிமீட்டர் நீளமுள்ள கூண்டு தேவைப்படும். வளைந்த கம்பி, தட்டில் எச்சில் குளம், ஈறில் ரத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கூண்டை மடித்துவிட வேண்டும். 'பழகிடும்' என்று பூட்டினால் பல் உடையும்.

தனிமைக்குப் பழக்கும் வேலையை வந்த மறுநாளே ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டு நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு எட்டாம் நாள் எட்டு மணி நேரம் காணாமல் போவது மிக மோசமான வழி. குப்பை கொட்டப் போகிற மாதிரி முப்பது விநாடி, பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, பத்து. நாய் எழுந்து நடமாடத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். இதற்கு மலிவான வைஃபை கேமரா ஒன்று கட்டாயம். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் நேரத்தைக் கூட்டுவது குருட்டுக் கணக்கு. காங் மாதிரி உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் ஊறவைத்த அதன் வழக்கமான தீவனத்தையே அடைத்து உறையவைத்துக் கொடுக்கலாம். நீங்கள் திரும்பும்போது அது தொடப்படாமல் கிடந்து, நீங்கள் வந்ததும் நக்க ஆரம்பித்தால், நாய்க்குப் பிடிக்கவில்லை என்று பொருளல்ல. பயத்தில் சாப்பிட முடியவில்லை. நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். நாயை அமைதிப்படுத்தும் என்று விற்கும், சுவர் பிளக்கில் செருகும் வாசனைக் கருவி சில நாய்களுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு மின்சாரச் செலவு மட்டும்தான்.

வாய்ப்பூட்டைப் பார்த்ததும் 'பாவம் நாய்' என்பார்கள். உண்மையில் கிரேஹவுண்டுக்கு அது செருப்பு மாதிரி, பந்தயத்தில் தினமும் போட்டுப் பழகியது. கூடை வடிவப் பிளாஸ்டிக் வகை வாங்குங்கள், அதைப் போட்டபடியே தண்ணீர் குடிக்கலாம், வாய் திறந்து மூச்சுவாங்கலாம். துணியால் வாயைக் கட்டும் வகையில் இரண்டும் முடியாது. மூக்கு நுனிக்கும் கூடைக்கும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். வீட்டில் பூனையோ சின்ன நாயோ இருந்தால் முதல் சந்திப்புகள் எல்லாம் வாய்ப்பூட்டும் லீஷும் போட்டுத்தான். பார்வை விறைத்து, காது நிமிர்ந்து, உடம்பு அசையாமல் நின்றால் அது ஆர்வமல்ல, குறி பார்க்கிறது. உடனே திருப்பி அழைத்துச் செல்லுங்கள். வாய்ப்பூட்டு போட்ட நாயைப் போடாத நாயோடு தனியே விடக் கூடாது, திருப்பி அடிக்க அதற்கு வழியில்லை.

கிண்ணத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. எவர்சில்வர், அடியில் ரப்பர். உயரமான ஸ்டாண்ட் வயிறு முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்வார்கள், அதற்காக வாங்க வேண்டாம். ஆழமான நெஞ்சுள்ள இனத்துக்கு இந்த ஆபத்து உண்டு என்பதால் உணவை இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் இருப்பது பயனுள்ளது. பழைய தீவனத்தைக் கேட்டு வாங்கி வந்து 7 முதல் 10 நாளில் புதியதுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

வீட்டுக்குள் சிறுநீர் போனால் நொதி கலந்த துப்புரவு திரவம் வேண்டும். அமோனியா உள்ளது சிறுநீர் வாசனையை ஒத்திருப்பதால் 'இதுதான் இடம்' என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். கொட்டிலில் நேரத்துக்கு வெளியே விட்டுப் பழகிய நாய்க்குக் கதவைத் தட்டிக் கேட்கத் தெரியாது. முதல் வாரம் இரண்டு மணிக்கொருமுறை நீங்களே அழைத்துப் போக வேண்டும்.

குளிர்ச் சட்டை வாங்கும்போது கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து வாங்குங்கள். நெஞ்சை மூடாத சட்டை அலங்காரம் மட்டுமே.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு சேவையை வாங்குவதுதான், எனவே ஒரு சோதனை. முதல் சந்திப்பில் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்செடுங்கள். கிரேஹவுண்டின் சிவப்பணு விகிதம் 50 முதல் 65 சதவீதம் வரை இருப்பது இயல்பு, தட்டணுக்களும் தைராய்டு ஹார்மோன் டி4-உம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இருப்பதும் இயல்பு. இது தெரியாதவர் நல்ல நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடுவார். மயக்க மருந்திலும் கவனம் தேவை. தயோபென்டால் போன்ற பார்பிட்டுரேட் மருந்துகளிலிருந்து இந்த இனம் எழ வெகுநேரம் ஆகும். பல நாய்கள் பல் கெட்டே வரும், ஆகவே மயக்கம் கொடுக்கும் நாள் தூரத்தில் இல்லை.

கடைசியாக, உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை ஒன்று, மெல்லிய தனிப் பட்டையில். மார்ட்டிங்கேலை வீட்டுக்குள் கழற்றிவிடுவோம், நாய் தப்புவதோ திறந்த கதவு வழியாக. வில்லையை நாய் வரும் முன்தினமே செய்து வாங்கிவிடுங்கள், நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பில் உங்கள் எண்ணை அன்றே பதியச் சொல்லுங்கள்.