பழைய .25 ஸ்டீவன்ஸை .22க்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

இங்கே அமெரிக்காவில் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவர்களே, குறிப்பாக .25 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்தால் வெடிக்கும் வகை) ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் யாரிடமாவது இருந்தால், அதை .22 லாங் ரைஃபிளுக்கு மாற்றக் கொடுப்பதற்கு முன் எனக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்.

மாசசூசெட்ஸின் சிக்கோப்பி ஃபால்ஸில் செய்த சின்னத் துப்பாக்கி அது, பையன்களுக்கென்றே விற்றது. .25 தோட்டா தயாரிப்பு 1942லேயே நின்றுவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் சேகரிப்பாளர்கள் விலை சொல்லும் பழைய பெட்டிகள்தான், அதைப் பிரித்துச் சுட யாருக்கு மனசு வரும்? அதனால் பேரலைக் குடைந்து உள்ளே .22 லைனர் குழாயைச் செருகி ஒட்டுவது இங்கே பல காலமாக நடக்கிற வேலை. ஒழுங்காகச் செய்தால் அருமையாகச் சுடும்.

நான் கொடுத்த கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்பவர்), லைனர், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கூலி என்றார். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். சொன்ன தேதி போய் மாதங்கள் ஓடின, போன் போட்டால் எடுக்கவே மாட்டார். ஒருவழியாகத் துப்பாக்கி வந்தது, சுடப் போனால் பாதித் தோட்டாக்கள் வெடிக்கவில்லை.

வெடிக்காத தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஃபயரிங் பின் அடித்த தடம் விளிம்பின் ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தது, மீதி அடி தோட்டா உட்காரும் சேம்பரின் வாயில் விழுந்து இரும்பு நசுங்கியிருந்தது. காரணம் ரொம்ப எளிது: .25 தோட்டாவின் விளிம்பு சுமார் 8.5 மி.மீ. அகலம், .22க்குச் சுமார் 7.1தான். பழைய விளிம்புக்காகப் போட்ட ஃபயரிங் பின் துளையை அடைத்து, நடுவுக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் புதுத் துளை போட்டிருக்க வேண்டும். அந்தத் துளை இருக்கும் பிரீச் பிளாக்கை, அதாவது பேரலின் பின்பக்கத்தை மூடும் இரும்புக் கட்டியை, அவர் தொடவே இல்லை. எக்ஸ்ட்ராக்டரும் பழசேதான், மெலிந்த .22 கூட்டை அதனால் பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றையும் குச்சி விட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது.

கேட்டால், "தோட்டா பிராண்டை மாற்றிப் பாருங்கள்" என்கிறார். வேண்டுமானால் இன்னும் பலமான தோட்டாவான .22 மேக்னமுக்கே வெட்டித் தருகிறேன் என்று வேறு ஆசை காட்டினார்! நூறு வருஷத்துக்கு முந்தைய சன்னமான ஆக்‌ஷனில் (தோட்டாவை அடைத்துச் சுடும் பாகங்களில்) மேக்னமா? அந்தப் பேச்சு ஒன்றே போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய.

இன்னொன்று, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரும் கேட்காமலே ரிசீவரை (பேரல் பொருந்தும் நடு உடலை) பஃப் போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார். நீலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்த பழைய கேஸ் ஹார்டனிங் (இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) தந்த நிறம் மொத்தமும் போயிற்று, அது திரும்பி வராது. ஆனால் பேரலில் .22 என்று முத்திரை அடிக்க மட்டும் நேரமில்லை, பழைய 25 அப்படியே இருக்கிறது. நாளைக்கு இதை யார் கையில் எடுத்தாலும் தப்பாகத்தான் நினைப்பார்.

கொடுப்பதாக இருந்தால் ஃபயரிங் பின் துளையை எப்படி மாற்றுவார், எக்ஸ்ட்ராக்டரை என்ன செய்வார், புது முத்திரை அடிப்பாரா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மேற்பூச்சைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உதிரிகள் உங்களுக்கே திரும்ப வர வேண்டும். ஏற்கெனவே மாற்றி வந்த துப்பாக்கியில் தோட்டா வெடிக்காமல் நின்றால் உடனே திறக்காதீர்கள், பேரலைப் பத்திரமான பக்கம் பிடித்தபடி அரை நிமிஷமாவது பொறுங்கள்.

கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். பிரீச் பிளாக் இப்போது வேறொரு கன்ஸ்மித்திடம் இருக்கிறது, சுட்டுக் காட்டிய பிறகுதான் கூலி என்று பேசியாயிற்று.