24 மணி நேரம் சூடு நிற்கும் என்ற ஃபிளாஸ்க்கும் என் தெர்மாமீட்டரும்

குழந்தைக்கு மூன்று மாதம். டாக்டர் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க முடியாது என்று மதுரையில் ஒரு பாத்திரக்கடையில் முக்கால் லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க் வாங்கினேன். 1,150 ரூபாய். "24 மணி நேரம் சூடு அப்படியே நிக்கும்ணே" என்றார் கடைத் தம்பி. பெட்டியிலும் அதேதான் போட்டிருந்தது.

எனக்கு ஏசி சர்வீஸ் வேலை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்போதும் பையில் கிடக்கும், சும்மா விடுவேனா? பால் பவுடர் கிருமியே இல்லாதது கிடையாது, அதனால் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆக என் கேள்வி ஒன்றுதான்: 70 வரை எத்தனை மணி நேரம்?

ராத்திரி பத்து மணிக்குக் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடும்போது 95. அறை 30. இரண்டு மணிக்கு 82, ஐந்து மணிக்கு 73. பாஸ். மறுநாள் ராத்திரி பத்துக்கு, அதாவது பெட்டி சொன்ன 24 மணி நேரம் கழித்து, 47. கை கழுவலாம், பால் கலக்க முடியாது.

முதல் நாலு மணி நேரத்தில் 13 டிகிரி போனது. கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தில் போனது 16தான். உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் எவ்வளவோ, சூடு ஓடும் வேகமும் அவ்வளவு. எங்கள் தொழிலில் டெல்டா டி என்போம். நியூட்டன் இதை 1701லேயே, பேர்கூடப் போடாமல், லத்தீனில் எழுதிவிட்டார். பெட்டியில் "24 மணி நேரம்" என்று அச்சடித்தவர், வெளியே எத்தனை டிகிரி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த ஒரு வரியின் அருமை டிசம்பரில் ஊட்டியில் மாமியார் வீட்டில்தான் தெரிந்தது. மலையில் தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் மூடும்போதே 90தான். அறை 12. இரண்டு மணிக்கு 74, தப்பித்தோம். ஐந்து மணிக்கு 64. "இதுக்கா ஆயிரம் ரூபா குடுத்தீங்க மாப்ளே?" என்று கேட்டுக்கொண்டே அத்தை அடுப்பைப் பற்றவைத்தார்.

வாங்குகிறவர்களுக்கு: முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும். சுவர் நடுவில் வெற்றிடம் இருப்பதால் சூடு அதிகம் தப்பிப்பது மூடி வழியாகத்தான். இதில் மூடி பிளாஸ்டிக், அமுக்கி ஊற்றும் வகை. திருகு மூடி கிடைத்தால் அதையே எடுங்கள். வாஷர் வாடை போக ஒரு வாரம் ஆனது.

கலக்கிய பாலை ஆற்றுவது அடுத்த கூத்து. பாட்டிலைக் கிண்ணத்துத் தண்ணீரில் நிறுத்தினால் 70லிருந்து 52க்கு இரண்டே நிமிடம். 52லிருந்து 37க்கு நாலு நிமிடத்துக்கு மேல், ஏனென்றால் அதற்குள் கிண்ணத்துத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடும். நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். அழுகிற பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிசு.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். மதுரைக்கு மட்டும்.