ஹேமர்ஃபைட்: சுத்தியலின் எடை கைக்குத் தெரிகிறது

சண்டை கேம்களில் பட்டனை அழுத்தினால் அடி விழும். அது எதிரியின் உயிரில் எவ்வளவு குறைக்கும் என்பதையும் ஓர் எண்ணாக முன்பே எழுதி வைத்திருப்பார்கள். ஹேமர்ஃபைட்டில் சுத்தியலை வீசுவதற்கென்று பட்டனே கிடையாது. மவுஸை நகர்த்தினால் நம் பறக்கும் இயந்திரம் நகரும்; அதில் மாட்டிய சுத்தியல் பின்னாலேயே இழுபட்டு வரும். வட்டமடித்தால் அதுவும் சுழலும். அந்தச் சுழற்சியின் வேகம்தான் அடியின் பலம்.

கான்ஸ்டான்டின் கோஷுடின் என்ற ரஷ்யர் உருவாக்கி 2009-இல் வெளிவந்த இண்டி கேம், அதாவது பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் உருவான கணினி விளையாட்டு இது. 2011-இல், இப்படிப்பட்ட கேம்கள் சிலவற்றைச் சேர்த்து விற்ற ஹம்பிள் இண்டி பண்டில் 3 தொகுப்பிலும் இடம்பெற்றது.

முதல் நாள் நான் மவுஸை வெறித்தனமாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். எதிரியை உரசிய அடிகளெல்லாம் மெத்தென்றே விழுந்தன. வெறுமனே சுற்றுவதால் பயனில்லை, திசையை மாற்றுகிற அந்தக் கணத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிய மூன்று நாள் ஆனது. எதிரியை நோக்கி நேராகப் பாய வேண்டும். அவன் பக்கத்தில் வந்ததும் சட்டென்று பின்வாங்க வேண்டும். நாம் திரும்பிவிடுவோம், சுத்தியல் திரும்பாது. சாட்டை நுனி போல முன்னால் பாய்ந்து இறங்கும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் 4 மடங்காகும் என்று பள்ளியில் சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்தேன். அதைக் கை உணர்ந்தது இங்கேதான்.

ஆயுதத்தை மாற்றினால் பழகியதையெல்லாம் மறுபடி பழக வேண்டும். வாள் லேசானது, சொன்னபடி கேட்கும். பெரிய சுத்தியல் கிளம்பவே நேரமெடுக்கும். கிளம்பிவிட்டால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குறி தப்பினால் அடுத்த அரை நொடிக்கு நாம் அதன் பின்னால் தொங்கும் சுமை மட்டுமே. அந்த அரை நொடியில்தான் எதிரி வருவான். எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்ததும் அந்தப் பதற்றம்தான்.

சூழல் அமைப்பு அபாரம். பழைய கீழைத்தேசச் சித்திரத்தைப் புகையில் காட்டியது போன்ற பழுப்பு நிறங்கள். இரும்போடு இரும்பு மோதும்போது பொறி பறக்கிறது. ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் பல்லில் கூசுகிறது. மாபெரும் புழுக்களும் வரும். முதன்முதலாக அதில் ஒன்று திரைக்குள் நுழைந்தபோது மவுஸை அசைக்கவே மறந்துவிட்டேன்.

கதை அந்த அளவுக்கு ஒட்டவில்லை. அழிந்துபோன ஒரு குலத்தின் கடைசி வாரிசு, அடிமைத்தனம், துரோகம் என்று நல்ல சரக்கு இருக்கிறது. ஆனால் ஆங்கில வசனங்கள் தடுக்கி நடக்கின்றன. யார் எந்தப் பக்கம் என்று பலமுறை குழம்பினேன். ஒருகட்டத்தில் வசனங்களை வேகமாகத் தாண்டி அடுத்த சண்டைக்குப் போய்விட்டேன்.

டச்பேடில் இதைத் தொடங்காதீர்கள். நல்ல மவுஸும் மேசையில் கை தாராளமாக நகர இடமும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள், கனமான சுத்தியலோடு பாய்ந்து, கடைசி நொடியில் பின்வாங்கிப் பாருங்கள்.