வான்கோமைசின், டாப்டோமைசின், லினெசோலிட்: எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு எது, எங்கே?

கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் குடும்ப மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக 'ஸ்டாஃப்' கிருமி) என்று வந்ததும் வீட்டார் கேட்பது, "இருக்கிறதிலேயே பவரான மருந்து எது?" என்றுதான். இந்த மருந்துகளைப் பவரை வைத்து வரிசைப்படுத்த முடியாது. கிருமி உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது.

பென்சிலின் குடும்ப மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தில் ஒட்டி வேலையைக் கெடுப்பவை. எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் உள்ள மெக்-ஏ மரபணு, அந்த மருந்துகள் ஒட்டாத வேறொரு புரதத்தைச் செய்து தருகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் சோதனைக்கு வைக்கும் செஃபாக்சிடினுக்கு நேராக 'ஆர்' (எதிர்ப்பு உண்டு) என்றிருந்தால் அமாக்ஸிகிளாவ், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் எல்லாமே வீண். இந்தக் குடும்பத்தில் செஃப்டரோலின், செஃப்டோபிப்ரோல் போன்ற ஒன்றிரண்டே விதிவிலக்கு.

1958-இல் சந்தைக்கு வந்த வான்கோமைசின்தான் இன்றும் முதல் ஆள். ஆரம்பத்தில் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் பழுப்பாக இருந்ததால் 'மிசிசிப்பி சேறு' என்று கேலி செய்தார்கள். மருந்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் பாதி, உண்மையில் அதை ஏற்றும் விதத்தின் குறைகள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கடுமையான தொற்று என்றால் முதல் டோஸ் கிலோவுக்கு 25 மி.கி. வீதம் 1500 மி.கி. பிறகு சிறுநீரகம் சரியாக இருந்தால் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி., 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு மில்லிலிட்டரில் 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அதாவது 1 கிராமுக்குக் குறைந்தது 200 மி.லி., நடைமுறையில் 250 மி.லி. சலைன். 100 மி.லி. பாட்டிலில் கலந்தால் ஊசி ஏறும் இரத்தக்குழாய் வீங்கிவிடும். 1 கிராம் இறங்கக் குறைந்தது 100 நிமிடம் வேண்டும். அவசரமாக ஓட்டினால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும். பெரும்பாலும் இது அலர்ஜி அல்ல, வேகத்தின் விளைவு. டிரிப்பை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கலாம். கேஸ் ஷீட்டில் 'வான்கோ அலர்ஜி' என்று எழுதிவைத்தால் அந்த நோயாளிக்கு ஒரு நல்ல மருந்து நிரந்தரமாக மூடப்படுகிறது.

அடுத்தது இரத்தத்தில் மருந்தின் அளவு. அடுத்த டோஸுக்கு முந்தைய அளவை லிட்டருக்கு 15 முதல் 20 மி.கி.க்குள் பிடித்துவைக்கும் பழைய வழக்கம் சிறுநீரகங்களைக் கெடுத்தது. 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, 24 மணி நேரத்தில் உடம்பு சந்திக்கும் மருந்தின் மொத்த அளவு (ஏ.யூ.சி.) 400 முதல் 600-க்குள் இருக்க வேண்டும் என்றது. இதற்கு டிரிப் முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ஒரு மாதிரி, அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு இன்னொன்று எடுத்தால் கணக்குப் போடலாம். மருந்து ஏறிய அதே லைனிலிருந்து இரத்தம் எடுத்தால் வரும் எண் பொய். பைப்பராசிலின்-டாசோபாக்டமும் கூடவே ஓடினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: ஸ்டாஃபுக்கு வான்கோமைசினை டிஸ்க் வைத்துச் சோதிப்பதில் பொருளில்லை, எம்.ஐ.சி. (கிருமியை வளரவிடாமல் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) எண் கேளுங்கள்.

டெய்கோபிளானின் அதன் உறவுக்காரர். சிறுநீரகத்துக்குச் சற்று மென்மை, நாளுக்கு ஒரு ஊசி. ஆனால் உடம்பில் மிக மெதுவாகவே நிறைகிறது. கடுமையான தொற்றுக்குக் கிலோவுக்கு 12 மி.கி. வீதம், 12 மணிக்கொருமுறை மூன்று முதல் ஐந்து டோஸ் ஏற்றிய பிறகே நாளுக்கு ஒன்றாக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே 400 மி.கி. ஒருமுறை என்று கொடுத்துவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்பது வழக்கமான பிழை.

டாப்டோமைசின் இரத்தத் தொற்றுக்கு வான்கோமைசினுக்குச் சமமான தேர்வு. சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறுகிறதென்றால் இதுவே மேல். லேபிளில் கிலோவுக்கு 6 மி.கி.; தீவிரத் தொற்றுக்குப் பல நிபுணர்கள் 8 முதல் 10 வரை போகிறார்கள். குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்ற வேண்டும். வழக்கமான தயாரிப்பை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது. தசை பாதிக்கப்படுகிறதா என்று காட்டும் சி.பி.கே. சோதனையை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு அதைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று யோசிக்க வேண்டும். நிமோனியாவுக்கு மட்டும் இது கூடவே கூடாது: நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற திரவம் இதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும்.

அங்கேதான் லினெசோலிட் ஜெயிக்கிறது. 600 மி.கி., 12 மணிக்கொருமுறை. மாத்திரையாக விழுங்கினாலும் கிட்டத்தட்ட முழுதும் இரத்தத்தில் சேர்வதால், வாயால் சாப்பிட முடிகிறவருக்கு டிரிப் தேவையில்லை. ஆனால் கிருமியைக் கொல்லாமல் பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து இது, இதய வால்வுத் தொற்றுக்கு முதல் தேர்வாகாது. இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் சரியலாம், வாரந்தோறும் சி.பி.சி. (இரத்த அணுக்கள் எண்ணிக்கை) அவசியம். 28 நாளுக்கு மேல் போனால் பார்வை நரம்பும் பாத நரம்புகளும் ஆபத்தில். மனச்சோர்வு மாத்திரையோ டிரமடாலோ எடுப்பவரென்றால் நடுக்கம், வியர்வை, குழப்பம் வருகிறதா என்று பாருங்கள். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் இது தேவைப்படுகிறது. சாதாரணப் புண்ணுக்கு எழுதித் தள்ளுவது அந்த நோயாளிகளின் கஞ்சியில் மண் போடுவது.

தோலில் வந்த சீழ்க்கட்டியா? முதலில் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். மருந்து தேவைப்பட்டால் மலிவான கோட்ரைமாக்சசோல் டி.எஸ். நாளுக்கு இருவேளை பெரும்பாலும் போதும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் வேண்டாம், எனலாப்ரில் அல்லது ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறும். டாக்ஸிசைக்ளினும் உதவும். கிளின்டாமைசின் எழுதுமுன், மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் 'டி-டெஸ்ட்' முடிவு பாருங்கள். எரித்ரோமைசினுக்கு எதிர்ப்புள்ள கிருமி, கிளின்டாமைசினுக்கு 'எஸ்' (மருந்து கேட்கும்) என்று காட்டிவிட்டுச் சிகிச்சையின் நடுவே மாறிக்கொள்ளலாம்.

இரத்தத்தில் கிருமி என்றால் ரிஃபாம்பிசினைக் கூடுதலாகச் சேர்ப்பதால் பலனில்லை என்று 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. இதய வால்வைப் பார்க்க எக்கோ எடுக்க வேண்டும், ஓரிரு நாளுக்கொருமுறை கல்ச்சரைத் திரும்ப அனுப்ப வேண்டும். சிக்கலில்லாத தொற்றுக்குக் குறைந்தது 14 நாள், வால்வு அல்லது எலும்பு என்றால் நான்கு முதல் ஆறு வாரம் அல்லது அதற்கும் மேல். மருந்து தொடங்கிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது, கிருமி வளராத முதல் கல்ச்சர் எடுத்த நாள்தான் முதல் நாள்.