616 டாலர் போச்சு: "போலீஸ் டிரேட்-இன்" என்று தலையில் கட்டிய க்ளாக் 19

615 டாலர் 94 சென்ட். பிஸ்டலுக்கு 449, "கேரி பேக்கேஜ்" என்று 120, அதன் மேல் 8.25 சதவீதம் விற்பனை வரி. டெக்சாஸில் பழைய துப்பாக்கி வாங்கி விற்கும் கடையில், தினமும் இடுப்பில் மறைத்து வைப்பதற்கென்று வாங்கிய க்ளாக் 19, மூன்றாம் தலைமுறை. ஒரு மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) முழுக்கத் தடங்கலில்லாமல் சுடாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். கடையின் பெயரை எழுதவில்லை, கேட்காதீர்கள். இந்த ரகக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. பழையது வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இவர்கள் செய்த வேலை.

விலையைக் காட்டி நம்ப வைக்கவில்லை, பேச்சால் நம்ப வைத்தார்கள். கவுண்டரில் இருந்த ஆள் பிஸ்டலைக் கையாண்டதே அவ்வளவு முறையாக இருந்தது. மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, தோட்டா நிற்கும் சேம்பர் காலி என்று காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். கேட்டது சிக் பி365 ரகச் சின்ன பிஸ்டல்: 3.1 அங்குல பேரல், 10 தோட்டா, அரைக் கிலோ எடை. அவர் பக்கத்திலேயே க்ளாக் 19-ஐ வைத்தார்: 4.02 அங்குல பேரல், 15 தோட்டா, காலி மேகசினோடு சுமார் 670 கிராம். "சின்னதை மறைக்கிறது சுலபம், சுடுறது கஷ்டம். உதைக்கும். உதைச்சா பயிற்சிக்குப் போக மாட்டீங்க. பேரல் நீளத்தைப் பார்க்காதீங்க, அது பேன்ட்டுக்குள்ள போயிடும். சட்டையை முட்டிக்கிட்டு வெளியே தெரியறது பிடியோட கீழ் முனை. அதை அளந்து பாருங்க."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். மறைத்து வைக்கிறவர்களுக்கு எந்தப் பயிற்சியாளரும் சொல்வது இதையேதான். இவ்வளவு சரியாகப் பேசுகிற ஆள், அதே மூச்சில் சொன்னார்: "இது போலீஸ் டிபார்ட்மென்ட் டிரேட்-இன், புதுசு வாங்கறப்ப அவங்க கொடுத்த பழசு. வெளியே ஹோல்ஸ்டர் உறை உரசினது தவிர உள்ளே புதுசு. எல்லாமே ஃபேக்டரி பார்ட்ஸ், துப்பாக்கி ரிப்பேர் பண்ற எங்க ஆர்மரர் பிரிச்சுப் பார்த்தாச்சு." கேட்க நியாயமாகவே இருந்தது. போலீஸ்காரர் பிஸ்டலை வருடக்கணக்கில் சுமப்பார், வருடத்துக்குச் சில தடவைதான் சுடுவார். அதனால் வெளிப்பூச்சு தேய்ந்தும் உள்பாகம் நன்றாகவும் இருக்கும். ஸ்லைடின் முன் விளிம்பில் அந்தத் தேய்மானம் இருந்தது. ஸ்லைடைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, எண்ணெய் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம், வாங்கியபிறகுதான் கழற்றலாம் என்று சிரித்தார். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் ஃபெடரல் 4473 படிவம், பின்னணிச் சோதனை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிரெடிட் கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல், டெபிட்டில் போடுங்கள் என்றார். ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் போட்டது 115 கிரெய்ன் எடைக் குண்டுள்ள சாதாரண தோட்டா. இரண்டு விதமாக நின்றது. ஒன்று, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும் ஸ்லைடு முழுக்க மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். மற்றது, ட்ரிகரை அழுத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம், வெடிக்காது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஊசி அடித்துத் தோட்டாவைப் பற்றவைக்கும் அடிப்பாகமான ப்ரைமரில் மேலோட்டமாக ஒரு சின்னப் பள்ளம். உயிரைக் காக்க வைத்திருக்கும் பொருள் "டிக்" என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வேறொரு இடத்தில் ஆர்மரர் சான்றிதழ் உள்ளவர் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டார். மூன்றாம் தலைமுறை 19-இல் ஃபேக்டரி ரீகாயில் ஸ்பிரிங் (பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளுவது) கறுப்புப் பிளாஸ்டிக் தண்டோடு பிரியாமல் ஒரே துண்டாக இருக்கும். இதில் இருந்தது எஃகுத் தண்டு, அதில் தனியாகக் கோத்த மெலிந்த ஸ்பிரிங். ப்ரைமரை அடிக்கும் ஊசிதான் ஸ்ட்ரைக்கர்; அதன் ஃபேக்டரி ஸ்பிரிங் 5.5 பவுண்டு, இதில் இருந்ததன் கம்பி அதைவிட மெலிது. ட்ரிகரின் கனத்தைத் தீர்மானிக்கும் சின்னத் தகடான கனெக்டரில் "-" முத்திரை. அது க்ளாக்கின் சொந்தப் பாகம்தான், ஆனால் போட்டிக்கான 34, 35 மாடல்களில் வருவது. ட்ரிகரை இலேசாக்கும்.

போட்டிக்காரர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பிஸ்டல் ஏன் நிற்கிறது என்றும் தெரியும். உதையைக் குறைக்க ரீகாயில் ஸ்பிரிங்கை மெலிதாக்குவார்கள். ஆனால் க்ளாக்கில் ஸ்லைடு முன்னால் ஓடி மூடும்போது, ஸ்ட்ரைக்கர் ட்ரிகரோடு இணைந்த ட்ரிகர் பாரில் மாட்டிக்கொண்டு அதன் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். ரீகாயில் ஸ்பிரிங் மட்டும் மெலிந்தால் அந்த இழுபறியில் தோற்று, ஸ்லைடு மூடாது. அதனால் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் மெலிதாக்குவார்கள். அப்போது ஊசியின் அடி பலவீனமாகி, கெட்டியான ப்ரைமர் வெடிக்காது. அவர்கள் மெல்லிய ப்ரைமராகப் பார்த்து, வீட்டில் தாங்களே நிரப்பிய தோட்டாவைச் சுடுவதால் அது ஓடும். கடைத் தோட்டாவுக்கு ஓடாது. தன் அதிகாரிகளின் பிஸ்டலில் இப்படிக் கை வைக்க எந்தப் போலீஸ் டிபார்ட்மென்டும் விடாது. போட்டியில் சுட்டுத் தேய்த்ததை டிரேட்-இன் என்று விற்றிருக்கிறார்கள், பழைய பைக்குக்கு மீட்டரைத் திருப்பி வைக்கிற மாதிரி.

இதையும் விட மோசம் பேரல். க்ளாக்கில் ஃபிரேம் தகடு, ஸ்லைடு, பேரல் மூன்றிலும் ஒரே எண் இருக்கும். இதில் பேரல் எண் வேறு. உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் நடுவில் வளையமாக ஒரு நிழல். குண்டு பாதியில் சிக்கி, அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் அப்படித்தான் வீங்கும். இதைச் சுடாதீர்கள் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார்.

120 டாலர் பேக்கேஜ் கதையையும் கேளுங்கள். "நைட் சைட்" என்று போட்டிருந்தது, டிரிட்டியத்தால் இருட்டில் ஒளிரும் குறிபார்க்கும் புள்ளிகள். இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், செத்துப்போன சைட்டுக்குக் காசு. "ஒரிஜினல் மேகசின்" இரண்டிலும் க்ளாக் பெயரே இல்லை. "18 புள்ளி சோதனை" என்ற தாளில் ஒரு டிக் கூடக் கிடையாது, கையெழுத்து மட்டும். ஹோல்ஸ்டர் மெத்தென்ற நைலான் பை. அதைப் பார்த்து ஆர்மரரே திட்டினார். க்ளாக்கில் தனியாகப் பூட்டு விசை கிடையாது. ட்ரிகரைச் சுற்றி விறைப்பான உறை இருந்தால்தான் அது பாதுகாப்பு. பை மடிந்து ட்ரிகர் பக்கம் போனாலோ, சட்டை நுனி உள்ளே சிக்கினாலோ, பிஸ்டலைச் செருகும்போதே வெடிக்கலாம். அதுவும் கனெக்டரை இலேசாக்கி வைத்த பிஸ்டலுக்கு! தெரியாமல் கொடுத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால், பிடியையும் பேரலையும் பற்றி அவ்வளவு பாடம் எடுத்த ஆளுக்கா இது தெரியாது?

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகு.

"புது பிஸ்டல் மாதிரி, 500 ரவுண்டு சுட்டுப் பழக்குங்க, சரியாகிடும்." பழைய போலீஸ் பிஸ்டலுக்குப் பழக்கமா? 50 தோட்டா 14 டாலர் என்றால் 140 டாலர், அதுவும் வீங்கிய பேரலில்.

"உங்க மணிக்கட்டு தளர்வு." உருவத்தில் சின்னவர்களாகவும் இந்திய முகமாகவும் இருந்தால் இந்தப் பதில் தயாராக இருக்கும். மணிக்கட்டு தளர்ந்தால் பிடி பின்னால் ஓடி, ஸ்லைடுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காமல், காலித் தோட்டா நிமிர்ந்து சிக்கும். அது உண்மை. ஆனால் ப்ரைமரில் ஆழமில்லாத பள்ளம் விழ மணிக்கட்டு காரணமே ஆகாது. ஊசி அடிக்கிற நேரத்தில் உதை இன்னும் பிறக்கவே இல்லை! வெடிக்காத தோட்டாக்களை மேசையில் வைத்துக் காட்டினாலும் அதே பதில்.

"தோட்டா மட்டம்." அதே பெட்டியில் மிச்சமிருந்தவை வேறு பிஸ்டலில் ஒன்று விடாமல் வெடித்தன.

"ஃபெடரல் சட்டப்படி விற்ற துப்பாக்கியைத் திருப்பி வாங்கக் கூடாது." அப்பட்டமான பொய். அப்படி ஃபெடரல் சட்டம் எதுவும் இல்லை. உரிமம் பெற்ற கடை திருப்பி வாங்கினால் தன் பதிவேட்டில் வரவு எழுத வேண்டும், அவ்வளவுதான். திருப்பி எடுக்காதது கடையின் சொந்த விதி. அதை வாஷிங்டன் மேல் பழி போட்டுத் தப்பிக்கிறார்கள்.

அடுத்து ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். கடைசியில் மேனேஜர் பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, "வேணும்னா 220 டாலருக்கு நாங்க எடுத்துக்கிறோம்" என்றார். சற்று முன் சட்டம் தடுத்தது, 220 என்றதும் தடுக்கவில்லை. 616 டாலர் வாங்கினவர்கள்!

பாகங்களை மாற்றினால் போதுமே என்பவர்களுக்கு: பேரல், இரண்டு ஸ்பிரிங், கனெக்டர், மேகசின், சைட் எல்லாம் கொடுத்த 616-க்கு மேல் இன்னொரு செலவு. அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்.

சரி, சொன்னபடி எச்சரிக்கைகள். எழுதுகிற பொறுமை போய்விட்டது, முக்கியமானவை மட்டும்.

ஸ்லைடைக் கழற்றிக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். கழற்ற அரை நிமிடம் ஆகாது. மூன்று எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், பேரலைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பிஸ்டல் காலி என்று இரண்டு தடவை உறுதி செய்தபிறகு, கடைக்காரரின் அனுமதியோடு, ஆளில்லாத பக்கமாகப் பேரலின் வாயை மேல்நோக்கிப் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். அழுத்தியபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெதுவாக விடுங்கள். முழுக்க மூட வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பிரிங் செத்தது. பிறகு ட்ரிகரை விட்டால் "க்ளிக்" கேட்க வேண்டும்.

"போலீஸ் டிரேட்-இன்", "எல்லாம் ஃபேக்டரி பாகம்" என்றெல்லாம் சொன்னால் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

3 சதவீதம் போனாலும் கிரெடிட் கார்டு. 50 டாலருக்கு மேற்பட்ட பொருள், கடை உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருந்தால், தரம் சரியில்லை என்று கார்டு நிறுவனத்திடம் வாதாட வழி உண்டு. முதலில் கடையிடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், பில்லை முழுக்கக் கட்டிவிடவும் கூடாது.

ஹோல்ஸ்டரை பேக்கேஜில் வாங்கவே வேண்டாம். அந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) வாங்குங்கள், ட்ரிகர் முழுக்க மூடியது. நைலான் பையைக் குப்பையில் போடுங்கள்.

எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் எந்தக் கடைக்காரர் "பரவாயில்லை" என்றாலும் நம்பாதீர்கள். குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்குகளை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை, படிவத்தில் ஏ-நம்பர் (குடியேற்றத் துறை தரும் எண்) எழுத வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். ஏமாற்று வணிகச் சட்டத்தில் வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே கடைக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை கேட்கலாம். இந்தக் கடைக்கு நோட்டீஸ் பதிவுத் தபாலில் போயாச்சு, 615 டாலர் 94 சென்ட் என்று சென்ட் விடாமல் எழுதி.