அரசு மருத்துவமனை தெரபி மையம்: கைக்குழந்தையை நம்பிக் கூட்டிப் போகலாமா?

போகலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்ததும் அழாத குழந்தை, என்.ஐ.சி.யூ.வில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டு வந்த குழந்தை, இப்படி யார் வீட்டில் இருந்தாலும் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் வருகிறது, பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது. என் தங்கை மகனுக்காக நாங்கள் போய்வரும் மையத்துக்கு நான் 5-க்கு 4 கொடுப்பேன்.

பையன் 31 வாரத்தில் பிறந்தவன், எடை 1.4 கிலோ. பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்குத் தேதி போட்டிருந்தார்கள், தடுப்பூசி அட்டை கொடுத்தார்கள், ஆனால் கை கால் அசைவை யாரிடம் எப்போது காட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அஞ்சாம் மாசம் எதை நீட்டினாலும் இடது கையை மட்டும்தான் கொண்டு வருவான், வலது கை கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியபடியே கிடக்கும். "தாத்தா மாதிரி இவனும் இடக்கை" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தடுப்பூசி போடும்போது கிராம சுகாதார செவிலியர்தான் கவனித்து, ஒரு வயசுக்குள்ள எந்தக் குழந்தையும் இப்படி ஒரே கையைப் பழகாதும்மா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்றார். இதை எல்லா அம்மாக்களும் பாட்டிகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இடக்கைப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் தெரியாது, முதல் வருடத்திலேயே ஒரு கை பின்தங்கினால் அந்தக் கையைக் காட்டியே ஆக வேண்டும்.

மையத்தில் முதலில் குழந்தை மருத்துவர் பார்த்தார், அப்புறம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடம், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுப்பவர். அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கையைப் பிடித்து இழுக்கவில்லை, விரலைப் பிரிக்கவில்லை, பாயில் படுக்கவைத்து முன்னால் ஒவ்வொரு பொருளாக நீட்டிச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் நீட்டினால் எந்தக் கை வருகிறது, வலது கை வர எவ்வளவு நேரம் எடுக்கிறது, வந்தால் விரல் திறக்கிறதா என்று எழுதிக்கொண்டார். வீட்டில் யார் யார் தூக்குகிறீர்கள், தொட்டிலில் எந்தப் பக்கம் தலை வைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு தங்கையிடம் பொறுமையாக விளக்கினார். பிறந்த புதிதில் மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைக்குமே நரம்பு இணைப்புகள் போகின்றன, வளர வளர அதிகம் வேலை செய்யும் இணைப்பு நிலைத்துவிடுகிறது, மற்றது ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதை மாதிரி மறைந்துபோகிறது. அதனால்தான் இந்த மாதங்களிலேயே வலது கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறோம் என்றார்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சி எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தேன். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெருமூளை வாதம் (சின்ன வயதிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) உள்ள பிள்ளைகள் கைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு இருக்கலாம் என்று தோன்றிய, ஒரு வயது ஆகாத குழந்தைகளை அவர் குழு இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நல்ல கையில் மென்மையான உறை மாட்டி, பின்தங்கிய கையால் விளையாட வைக்கும் பயிற்சி: தினம் 30 நிமிடம், வாரம் 6 நாள், 6 வாரம், இடையில் 6 வாரம் ஓய்வு, மறுபடி 6 வாரம். செய்தவர்கள் பெற்றோர், வீட்டிலேயே. இன்னொரு பிரிவுக்கு மசாஜ். 2018-ல் வந்த முடிவில், விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகளின் கைதான் அதிகம் தேறியிருந்தது.

மசாஜ் என்று படித்ததும் எங்கள் வீட்டு வாக்குவாதம் எனக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்த்து நல்லா நீவிவிட்டால் கை தானாகப் பிரியும் என்று பாட்டி உறுதியாக நம்பினார். மேடம் அதைத் தப்பென்று சொல்லவில்லை, குழந்தைக்குச் சுகமாக இருந்தால் செய்யுங்கள் பாட்டி, ஆனா கை அவனாக நீட்டினால்தான் மூளைக்குப் பாடம் என்றார். பாட்டியையே கிலுகிலுப்பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வலது பக்கமாக நீட்டி, அவன் முயற்சி பண்ணும்வரை காத்திருக்கப் பழக்கினார். காத்திருப்பதுதான் கஷ்டம், நமக்குக் கை பரபரக்கும், பொருளை அவன் உள்ளங்கையில் திணித்துவிடத் தோன்றும். அழுதால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாக உறை மாட்ட ஆரம்பிக்காதீர்கள். எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இப்போது வலது கை திறக்கிறது, வளையத்தைப் பிடிக்கிறான், பந்தை இரண்டு கையாலும் அணைக்கிறான். இடது கைக்குச் சமமாக வந்துவிட்டதா என்றால் இல்லை. வரும் என்று மையத்தில் யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை, அந்த நேர்மைக்காகவே அவர்களை நம்புகிறேன்.

"ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் செய்யும், ஒரு வயசு போகட்டும்" என்று சொல்பவர்கள் சொந்தத்தில் நிறைய. டாக்டர்களே முன்பெல்லாம் பெருமூளை வாதத்தை 12 முதல் 24 மாதத்துக்குள்தான் உறுதி செய்வார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக், அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், 2017-ல் தன் குழுவோடு வெளியிட்ட வழிகாட்டுதலில், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டு 6 மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியும், நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எடை விஷயத்திலும் மையத்தில் நல்ல பேச்சு கிடைத்தது. சின்னதாகப் பிறந்தவனைச் சீக்கிரம் கொழுகொழுவென்று ஆக்க வேண்டும் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று ஊட்டப் பார்த்தார்கள். எடை குறைவை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது உண்மைதான். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1989-ல், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் செவிலியர்கள் எழுதிவைத்த பழைய பதிவேடுகளை வைத்து, எடை குறைவாக இருந்த ஆண் குழந்தைகள் பின்னாளில் இதய நோயால் அதிகம் இறந்ததைக் காட்டினார். ஆனால் உடம்பில் எது குறைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு பார்த்தபோது அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை, தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதனால் எடை ஏறினால் போதும் என்று நினைக்காமல் நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அளந்து அட்டையில் குறிக்கிறார்கள்.

சரி, குறைகள். தெரபிஸ்ட் ஒரே ஒருவர், அவர் லீவு என்றால் அன்றைக்கு வந்த அலைச்சல் வீண். பால் கொடுக்க மறைவான இடம் இல்லை. பயிற்சியை வாயால் சொல்கிறார்கள், தமிழில் படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தால் வீட்டில் அப்பாவும் பாட்டியும் ஒரே மாதிரி செய்வார்கள். தங்கை மேடத்திடம் கேட்டுவிட்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள், அதுதான் இப்போது எங்களுக்குத் தாள். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இரண்டு மூன்று முறைக்கு மேல் வராமல் நின்றுவிடுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, அவர்களுக்குப் பஸ் செலவுக்காவது ஒரு வழி செய்ய வேண்டும்.

போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, தலை ஸ்கேன் எடுத்திருந்தால் அது, வீட்டில் வழக்கமாக விளையாடும் பொருள் ஒன்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பால் கொடுத்துவிடுங்கள், பசியில் அழுகிற குழந்தையின் கையை யாராலும் சரியாகப் பார்க்க முடியாது.